பின் சீட்டில் மெகருன்னிசா

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மெகருன்னிசா 'வேலை செய்யாதவர்'. உட்பிரிவு, 'வீட்டுக் கடமைகள்'. விருதுநகரில், சிவகாசி போகிற சாலையை ஒட்டிய ஒர்க்ஷாப்பின் வாசலில் நின்று இதை எழுதிக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியார்மீது குற்றம் சொல்ல எதுவுமில்லை. முறைப்படிதான் கேட்டார், வீட்டுத் தலைவரிடம்தான் கேட்டார். வீட்டுத் தலைவரும் மெக்கானிக்குமான உதுமான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி, "வீட்டுலதான் சார் இருக்கா" என்றார். வாத்தியார் அதற்குரிய எண்ணைப் போட்டுக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

மோரைக் கொண்டுவந்து கொடுத்த மெகருன்னிசாவின் இன்னொரு கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, முகர்ந்து முகர்ந்து தோல் வாடிய பழம். சற்று முன்னால்தான் அவள் ஒரு வெள்ளை அம்பாசடரின் பின் சீட்டில் ஆனைக்குட்டம் வரை போய், குமட்டலை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து, பின்பக்கம் வலதுசக்கரத்தைத் தாங்குகிற வில்பட்டைகளில் ஒன்று முறிந்திருக்கிறது என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். வாத்தியார் அந்த அம்பாசடரின்மேல் சாய்ந்து நின்றுதான் அவளை வேலை செய்யாதவர் என்று எழுதினார்.

பட்டாசுச் சீமையில் ஒருவருக்குக் காது போனால் ஏன் போனது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தவர்கள் உதுமான் விஷயத்தில் ஏமாந்துதான் போயிருப்பார்கள். அவர் வெடிக் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஊரே அதிரும்போது பஞ்சால் காதை அடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த காதை, காசநோய்க்கு மாதக்கணக்கில் போட்ட ஊசி கொண்டுபோய்விட்டது. இடது காது முழுசாக, வலது காது முக்கால்வாசி. உயிர் பிழைத்ததே பெரிசு என்றார் டாக்டர். டாக்டர் மெக்கானிக் இல்லை.

காது கேட்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதும் கண் தெரியாத டெய்லரிடம் துணி கொடுப்பதும் ஒன்றுதான் என்று ஊர் நினைக்கும். உதுமானே அப்படித்தான் நினைத்தார். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிடிபடாத இடத்தில் சிரித்து வைத்தார். நல்ல சுபாவமுள்ள பாய் என்ற பெயர் அந்தச் சிரிப்பால்தான் வந்தது.

மற்ற வேலைகளுக்கு அவருக்குக் காது தேவைப்படவில்லை. என்ஜின் நின்ற இடத்திலேயே தன் கோளாறைச் சொல்லும். கையை வைத்தால் துடிப்பில் தெரிந்துவிடும். கிளட்ச் காலில் தெரியும். சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்குகிற சஸ்பென்ஷன் மட்டும்தான் வண்டி ஓடும்போது, அதுவும் பள்ளத்தில் இறங்குகிற ஒரு நொடியில் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்ளும். சுற்றுவட்டாரச் சாலைகளின் புண்ணியத்தில், ஒர்க்ஷாப்புக்கு வந்த கார்களில் பாதி அந்த நோயோடுதான் வந்தன. அந்தப் பாதியைத் திருப்பி அனுப்பினால் மீதிப் பாதியும் கொஞ்ச நாளில் வராது.

ஒருநாள் மெகருன்னிசாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, நின்றிருந்த யாருடைய மாருதியையோ எடுத்தார். வழியில் கண்ணாடியில் அவள் வாயசைவது தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டித் திரும்பி, என்ன என்று கேட்டார்.

"பின்னாடி என்னமோ, தீப்பெட்டிக்குள்ள நாலு குச்சி கெடந்து ஆடுற மாதிரி ஆடுதே மச்சான்."

"எங்கன?"

"இந்தா, இடது பக்கம். என் காலுக்குக் கீழ."

உதுமான் வண்டியை வந்த வழியே திருப்பினார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா அவமானமா என்று மெகருன்னிசாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் உட்காரும் என்பது பின்னால் பழகிவிட்டது. ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால், இடது பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் அடியிலுள்ள ரப்பர் வளையம், புஷ் என்பது, தேய்ந்து, போல்ட்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக மறந்துவிட்டார்கள்.

அதிலிருந்து அவள் பின் சீட்டுக்கு வந்தாள். சீட்டின் நடுவில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, தரைவிரிப்பை ஒதுக்கிவிட்டு, வெறுங்காலைத் தகரத்தில் பதித்துக்கொள்வாள். பாதி காதால் கேட்பாள், மீதி உள்ளங்காலால். உதுமான் நடைவேகத்தில் ஓட்டுவார். வேகம் கூடினால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பிவிடும். முதலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்குவார். அப்புறம் பிரேக்கை அழுத்தி மிதிப்பார். அப்புறம் திறந்தவெளியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டம் போடுவார். கண்டுபிடித்ததும் அவள் தோளைத் தொடுவாள். இடது தோள் என்றால் இடது, வலது என்றால் வலது. ஒரு தட்டு முன்சக்கரம், இரண்டு தட்டு பின்சக்கரம். வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் பாதகமில்லை. புருஷன் தோளில் பெண்டாட்டி கை பட்டால் மரியாதைப்பட்டவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

சத்தத்துக்கு அவளிடம் வேறு பெயர்கள் இருந்தன. தீப்பெட்டி என்றால் தேய்ந்த புஷ். காற்றில் காலண்டர் தகரம் சுவரில் அடிக்கிற மாதிரி என்றால், வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் லிங்க். கதவுக் கீல் என்றால் காய்ந்த ரப்பர். அதற்கு ஒவ்வொரு ரப்பரிலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார் உதுமான், எதில் ஊற்றியதும் கீச்சு அடங்குகிறதோ அதுதான் ஆள். அம்மிக்குழவி உருண்டு முட்டுற மாதிரி என்றால் மட்டும் அவர் விளையாட மாட்டார். சக்கரத்துக்கும் அதைத் தாங்குகிற இரும்புக் கைக்கும் நடுவே, இடுப்புக் குழியில் தொடையெலும்பு உட்காருவதைப் போல ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும், பால் ஜாயிண்ட் என்பது. அது தேய்ந்து கழன்றால் சக்கரம் படுத்துவிடும்.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. உதுமான் பாய்க்குக் காது தங்கம், ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். குணம்தான் கொஞ்சம் மட்டம், அடுத்தவன் வண்டியில் பெண்டாட்டியை வைத்து ஊர்வலம் விடுகிறார். அவள்தான் நச்சரித்துக் கூட வருகிறாளாம், காரில் ஏறாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராதாம். காரில் ஏறினாலே குடலைப் புரட்டுகிற ஒருத்திக்குக் கார்ப் பைத்தியம் என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் அது. மெகருன்னிசா மறுக்கவில்லை. மறுத்தால் பிறகு எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததில், சண்முகவேலின் இண்டிகா வந்தது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ் வைத்திருந்தவர் சண்முகவேல். குடும்பக் கார்தான், ஆனால் சீசனில் குடும்பத்தை இறக்கிவிட்டுக் காலண்டர் கட்டுகளை ஏற்றிக்கொள்ளும். தை பிறந்து ஆர்டர் எல்லாம் ஓய்ந்தபிறகு மறுபடி குடும்பம் ஏறியபோது சத்தம் வந்தது. சண்முகவேல் முன்னால் உட்கார்ந்து பாட்டு வைத்துக்கொள்கிறவர். சத்தம் பின்னால் உட்கார்ந்த அவர் மனைவி வள்ளித்தாய்க்குத்தான் கேட்டது. ஏற்கெனவே காட்டிய இடங்களில் எல்லாம் சத்தமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எனக்குக் கேக்கல பாய். இவளுக்கு மட்டுந்தான் கேக்குது" என்றார் சண்முகவேல். "வண்டியப் பாக்கணுமா, இவளப் பாக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க."

உதுமான் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் இந்தத் தடவை கேட்டுத்தான் சிரித்தார். மதுரைக்குப் போய், யாருக்கும் தெரியாமல், காதில் வைக்கிற மிசின் ஒன்று வாங்கி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இடது காதுக்குப் பிரயோசனமில்லை என்று வலது காதுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி மறைத்திருந்தார். துண்டு கட்டின மெக்கானிக்கை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மெகருன்னிசா பின்கதவைத் திறந்ததும் சண்முகவேலின் புருவம் உயர்ந்தது. வள்ளித்தாய்தான், "ஏறட்டும், எனக்குப் பேச்சுத்தொணை" என்று நகர்ந்து இடம் விட்டாள். ஆனைக்குட்டம் போகிற சாலையில், பாலத்துக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வண்டி இறங்கியது. முன்னால் இருந்த இரண்டு ஆண்களும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா தாயி?" என்று வள்ளித்தாய் கிசுகிசுத்தாள்.

"கேக்குது. அம்மிக்குழவி உருண்டு முட்டுற மாதிரி."

"அதேதான்" என்றாள் வள்ளித்தாய். அத்தனை பேரும் இல்லை என்று சொன்ன ஒன்றை உண்டு என்று ஒருத்தி சொன்னதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணாலும், மெகருன்னிசா எழுந்து முன்னால் சாய்ந்து உதுமானின் இடது தோளை ஒருமுறை தட்டியதைப் பார்த்தாள். உதுமான் ஈ உட்கார்ந்த மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டார்.

வண்டியை விட்டுவிட்டு அவர்கள் போனபிறகு, உதுமான் வலது முன்சக்கரத்தின் அருகே ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனார். மெகருன்னிசா இடது என்றாள். அவர் தலையைத் துண்டோடு ஆட்டினார்.

"இனி நீ அலைய வேண்டாம் புள்ள. எனக்கே கேக்குது. வலது."

"மிசினு எந்தக் காதுல இருக்கு?"

"வலதுல."

"அதான் எல்லாம் வலதுல கேக்குது. நேத்து அடுப்பங்கரையிலருந்து கூப்பிட்டேன், நீங்க தெருவத் திரும்பிப் பாத்தீக."

உதுமான் ஜாக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வெகு காலத்துக்குப் பிறகு உதட்டைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஏன், எனக்குக் காது வந்தது ஒனக்குப் பிடிக்கலையோ?"

எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தக் கேள்வி உண்மையாகிவிடும். மெகருன்னிசா வீட்டுக்குள் போய்விட்டாள்.

பழைய காரில் எந்தப் பக்கம் தேடினாலும் ஏதாவது கிடைக்கும். வலது பக்கத்து லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கையின் புஷ்ஷில் ஒரு வெடிப்பு கிடைத்தது. உதுமான் அந்தக் கையையே மொத்தமாக மாற்றிப் புதிதாகப் போட்டார். வேலை சுத்தமான வேலை. பின்னால் வந்து பார்த்தவர்களும் அதைச் சொன்னார்கள். இடதுபக்கத்தைத் தூக்கவில்லை. தூக்கினால் அவள் சொன்னதைச் சரிபார்த்ததாகிவிடும்.

பிறகு, பல ஆண்டுகளில் முதன்முறையாக, தனியாக ஓட்டிப் பார்க்கப் போனார். போகும்போது சத்தம் இருந்தது. திரும்பி வருகிற வழியில் அடியோடு நின்றுவிட்டது. பாலத்துப் பள்ளத்தில் இரண்டு தரம் ஏற்றி இறக்கியும் வரவில்லை. புதுப் புஷ் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, அன்றைக்கே வண்டியைக் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மெகருன்னிசா கேட்டது எதுவும் அவருக்கு விழவில்லை. மிசினைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது.

மெகருன்னிசா அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி கேட்டாள்: "சத்தம் நின்ன பெறகு மிசினு நின்னுச்சா, மிசினு நின்ன பெறகு சத்தம் நின்னுச்சா?"

உதுமான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். வண்டியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டார். இடது பக்கத்தை மறந்துவிட்டேன் என்று ஒரு மெக்கானிக் சொல்ல முடியாது. காது மிசின் நின்றுபோனது என்று சொல்லவே முடியாது.

மறுநாளைக்கு மறுநாள் வள்ளித்தாய் போன் செய்தாள். போனை எப்போதும் மெகருன்னிசாதான் எடுப்பாள். சத்தம் அப்படியேதான் இருக்கு தாயி என்றாள் வள்ளித்தாய். மெகருன்னிசா போனின் வாயைப் பொத்திக்கொண்டு அதை உதுமானுக்கு உதட்டால் சொன்னாள், உதுமான் சொன்னதை வாங்கி, போனில் திருப்பிச் சொன்னாள்: "புதுச் சாமான் போட்டிருக்குல்ல, பழகுற வரைக்கும் அப்பிடித்தான் இருக்குமாம்." சொன்ன குரல் அவளுடையது. பிற்பாடு அவளைத் தின்றதும் அந்த ஒரு வாக்கியம்தான். உதுமான் செய்தது எதுவும் அந்த அளவுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி கோயிலுக்குப் போன கார், சாத்தூர்ச் சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் திரும்பும்போது இடது முன்சக்கரம் படுத்துவிட்டது. மெதுவாகப் போனதால் உயிருக்கு ஒன்றுமில்லை. கார் உடைமுள் புதருக்குள் போய் நின்றது. பின் சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய்க்குக் கை முறிந்தது.

சண்முகவேல் மறுநாள் காலையில் வந்தார், பிரஸ் மேனேஜர் பாண்டிராஜை அழைத்துக்கொண்டு. கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேப்பர் கம்பெனி ஆளிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"ஒடஞ்சது இடது. நீங்க மாத்துனது வலது. ஏன்னு மட்டும் சொல்லுங்க பாய், நான் போயிருதேன்."

உதுமான் அன்றைக்கு மிசின் போட்டிருக்கவில்லை. சண்முகவேலின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சிரிப்பு வரவில்லை. சுற்றிலும் பார்த்தார், ஜாக்கி, டயர், தொங்குகிற டியூப்கள், வீட்டுக்குள் போகிற வாசலில் திரைச்சீலை. திரைச்சீலைக்கு அடியில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

"என் வீட்டுல சொன்னா அண்ணாச்சி" என்றார். "வலதுன்னு. அவ பேச்சக் கேட்டுக் கெட்டேன்."

பாண்டிராஜ் சிரித்தார். "ஏது, பாய் வீட்டம்மாவா மெக்கானிக்கு?"

திரைக்குப் பின்னால் நின்ற மெகருன்னிசாவுக்கு முதலில் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இத்தனை காலம் அவள் செய்த எந்த வேலையிலும் அவள் பெயர் சேரவில்லை. முதன்முதலாகச் சேர்ந்திருக்கிறது, அவள் செய்யாத வேலையில்.

சண்முகவேல் அவளைக் கூப்பிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்களாம்மா சொன்னீக?"

ஒரு சொல் போதும், இடது என்று. இடது என்றுதான் சொன்னேன் என்றால், அப்படியானால் இவர் ஏன் வலதைப் பிரித்தார் என்பார்கள். மெக்கானிக்குக்கு நீ எதற்குச் சொல்ல வேண்டும் என்பார்கள். கேள்வி ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போய், துண்டுக்கு அடியில் இருக்கிற காதில்தான் நிற்கும். அதன்பிறகு இந்தச் சாலையில் எந்தக் காரும் இந்த வாசலில் திரும்பாது. மெகருன்னிசா உதுமானைப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தலையில் விழப்போவது என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை.

அவர் படிப்பதற்கு வசதியாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "நாந்தான் அண்ணாச்சி சொன்னேன். வலதுன்னு."

சண்முகவேல் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தார். உதுமானின் தோளில் கை வைத்து, கோபத்தையெல்லாம் இறக்கிவிட்டவர் மாதிரி, "பொம்பள பேச்சக் கேட்டா தொழில் பண்ணுவாக? போங்க பாய்" என்றார். அந்தத் தோள் இடது தோள்.

உதுமான் பிழைத்தார். எந்த அளவுக்குப் பிழைத்தார் என்றால், அந்த வாரமே இரண்டு பேர் ஆறுதல் சொல்ல வந்து வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டவனிடம் விருதுநகருக்கு எப்போதும் பரிவுண்டு. காது கேட்காமல் கெட்டவனிடம் அது இருந்திருக்குமா என்பது சந்தேகம். மெகருன்னிசா கடைத்தெருவுக்குப் போனால் டீக்கடை பெஞ்சிலிருந்து, "என்ன பாய் வீட்டம்மா, இன்னைக்கு இடதா வலதா?" என்று ஒரு குரல் வரும். அவள் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடப்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

வீட்டில் உதுமான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்காது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை. மிசினைத் துணியில் சுற்றி அவர் அலமாரியின் அடித்தட்டில் போட்டார்; அது அங்கேயே கிடந்தது.

மெகருன்னிசா பழம் வாங்கிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ்ஸில் போய் வள்ளித்தாயைப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள் வள்ளித்தாய். வேலைக்காரியைக் காப்பி போட அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கு வண்டில, நீ அவுக இடது தோளத்தான தொட்ட?"

மெகருன்னிசா பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தேன் தாயி. இடதுதான்."

"வண்டி குலுங்குச்சுல்ல மதினி. கை பட்டிருக்கும்."

வள்ளித்தாய் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தாள். "சத்தமே இல்லன்னு அம்புட்டு ஆம்பளைகளும் சொன்னப்ப, நீ ஒருத்திதான் இருக்குன்ன" என்றாள். "இப்ப நீயும் இல்லன்னு சொல்லுத." அப்புறம் காப்பி வந்தது. கை எப்போது சேரும், கோயிலுக்கு வேண்டிக்கொண்டது என்ன ஆயிற்று என்று வேறு பேச்சுப் பேசினார்கள். போனில் தான் சொன்ன வாக்கியத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்க வந்தவள், அதைக் கேட்காமலே பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவள் பின் சீட்டில் ஏறவில்லை. ஏற முடியாது. மெக்கானிக்கின் மனைவி காரில் தெரிந்தால் வண்டிக்காரர்கள் முதலில் சிரித்து, அப்புறம் வண்டியைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு மாதம் உதுமான் ஆயில் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதுமாக ஓட்டினார். சத்தம் என்று வந்த வண்டிகளை, சாமான் வர வேண்டும் என்று சொல்லிச் சும்மா நிறுத்தி வைத்தார். சாமான் எதற்கு வர வேண்டும் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் காலையில் மெகருன்னிசா காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, தெருமுனையில் தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் போட்டிருந்த வேகத்தடைக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

உதுமானுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, வேகத்தடையில் முதலில் இடது சக்கரங்களை மட்டும் ஏற்றி இறக்கினார். சுற்றிப்போய் வந்து வலது சக்கரங்களை ஏற்றி இறக்கினார். மூன்றாம் தரம் வந்து அவளருகே பிரேக் அடித்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளும் பஸ் வருகிற திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் கடக்கும்போது மட்டும் குழம்பும். அப்போது அவள் முக்காட்டைச் சரிசெய்தால் அவர் இன்னொரு தரம் வருவார். மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள். வெளியிலிருந்து கேட்பது வேறு படிப்பு. கொஞ்ச நாளில் அதுவும் வந்துவிட்டது. ஒரு விஷயத்தில் முன்னைவிட மேல். குமட்டல் இல்லை, எலுமிச்சம்பழம் தேவையில்லை. அதைச் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் ஏறாமலே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணை ஊர் கவனிக்காமல் விடுமா? கார்ப் பைத்தியம் போய், இப்போது வெறும் பைத்தியம் என்றார்கள். வள்ளித்தாய் கை முறிந்ததிலிருந்து அந்தப் பாவம் அவளைப் பிடித்து ஆட்டுகிறது என்று காரணமும் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்ததால் மெகருன்னிசாவுக்கு அது மட்டும் சுட்டது. சண்முகவேலின் புது வண்டி அந்த வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம், அது வாடிக்கை வண்டி இல்லையென்றாலும், காதைத் தீட்டிக்கொள்வாள். சத்தம் எதுவும் இருக்காது. இல்லை என்று தெரிந்தபிறகே மூச்சு விடுவாள்.

2008-இல் ஏதோ சர்க்காரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க ஓர் இளைஞன் வந்தான். ஒர்க்ஷாப்பில் நாலு கார்கள் நின்றன. உதுமானுக்கு முன்னைவிடக் கேட்காது. முன்னைவிட நன்றாக உதட்டைப் படித்தார். குடும்பத் தலைவர் என்ன தொழில் என்று இளைஞன் கேட்டான். மெக்கானிக் என்றார். மனைவி என்று கேட்டான். மெகருன்னிசா அப்போதுதான் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி, காலிப் பையோடு அவர்களைக் கடந்து உள்ளே போனாள். உதுமான் அவள் போவதைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சற்று நேரம் திறந்தபடியே இருந்தது.

"வீட்டுலதான் சார்" என்றார்.

இளைஞன் எழுதிக்கொண்டான்.

அந்த ஆண்டுகளில் விருதுநகர் உதுமான் ஒர்க்ஷாப்புக்குச் சத்தத்தோடு வந்த கார்களில், சண்முகவேலின் இண்டிகா உட்பட, எந்தச் சக்கரத்தில் என்ன பழுது என்று கேட்டுக் கண்டுபிடித்துச் சொன்னவள் மெகருன்னிசா.